மேல் வீட்டு ஆம்ப்ளிஃபயர்

பேக்கரிக்காரர் படியேறும்போது நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது.

ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுடுகிறவர், பகலில்தான் தூங்க முடியும். மேல் வீட்டில் புது ஆம்ப்ளிஃபயர் வந்து இறங்கியதிலிருந்து அந்தத் தூக்கமும் போயிற்று. முந்தின ராத்திரி வேலையில் கண்ணசந்துவிட்டார். ஒரு தட்டு ரொட்டி கரியாகிவிட்டது.

"இன்னொரு தடவை கருகிச்சுன்னா நீ ராத்திரியும் வீட்லயே தூங்கலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தவர் மேல் வீட்டு சர்வேயர். ஓய்வு பெற்றவர். பாட்டை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"வாங்க தம்பி! கேக்கத்தானே வந்தீங்க?"

"ஆமா சார். பாட்டு இல்ல, நியாயம்."

"முதல்ல உக்காருங்க. அதோ மூலையில பாருங்க, பழைய ஆம்ப்ளிஃபயர். பாதிக்கு மேல திருகினா தொண்டை கட்டின மாதிரி கரகரங்கும். இது அப்படி இல்ல. முழுசாத் திருகினாலும் பிசிறு தட்டாது. எல்லாம் பவர்!"

"அந்தப் பவர் என் கட்டில் வரைக்கும் வருது சார். ஸ்டூல் மேல வச்ச டம்ளர் தானா நடந்து போகுது."

"சமையலறைப் பக்கம் படுத்துப் பாருங்களேன்?"

"ராத்திரி பூரா அடுப்புகிட்ட நிக்கிறேன். பகல்லயும் அடுப்புகிட்டயே படுக்கணுமா?"

உள்ளேயிருந்து சர்வேயரின் மனைவி குரல் கொடுத்தார். "ஏங்க, இந்தக் குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றீங்களா?"

"என்னது?" என்றார் சர்வேயர்.

அந்த அம்மா மறுபடியும் சொன்னார்.

"என்னது?"

குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவே படியிறங்கிப் போனார்.

சர்வேயர் கண்ணடித்தார். "ரெண்டு 'என்னது' போதும் தம்பி. மூணாவதுக்கு அவளே செஞ்சிடுவா. கல்யாணமான நாள்லேர்ந்து இதுதான் நடக்குது."

பேக்கரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அவளுக்குக் காது மந்தமாயிட்டு வருது."

"அம்மாவுக்கா?"

"கூப்பிட்டாத் திரும்பறதே இல்ல. பக்கத்துல போய் நின்னு கூப்பிட்டாலும் சிலை மாதிரி நிக்கிறா. அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. காது கேக்கலன்னு தெரிஞ்சதும் அந்தம்மா மனுஷங்ககிட்டப் பேசறதையே விட்டுட்டாங்க. இவளுக்குப் பாட்டுன்னா உசுரு. பழையதுல சத்தத்தை ஏத்தினா அந்தக் கரகரப்பே காட்டிக் கொடுத்துடும். எதுக்கு இவ்வளவு ஏத்தறீங்கன்னு கேப்பா. இதுல எவ்வளவு ஏத்தினாலும் சுத்தமா இருக்கு. அவளுக்குச் சந்தேகமே வராது."

"உங்களுக்குக் காது வலிக்கலையா சார்?"

"வலிக்குது. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கொண்டுவந்த நியாயத்தைச் சோபாவிலேயே வைத்துவிட்டுப் பேக்கரிக்காரர் எழுந்து வந்தார்.

பாதிப் படியில் அந்த அம்மா காலி வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அம்மா! வாளியைக் குடுங்க! நான் கொண்டு வர்றேன்!"

"ஏன் தம்பி இப்படிக் கத்துறீங்க? என் காது நல்லாத்தான் இருக்கு. கத்தறதுன்னா மேல போய்க் கத்துங்க. அவருக்குத்தான் காது போச்சு."

பேக்கரிக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வயசாக ஆக, எதைச் சொன்னாலும் 'என்னது, என்னது'தான். இப்பக்கூடப் பார்த்தீங்கல்ல? மூக்குக் கண்ணாடி போடச் சொன்னதுக்கே வீட்டை ரெண்டு பண்ணினவரு. காதும் போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் இடிஞ்சு போயிடுவாரு. அதான் பழசு கரகரங்குது, பெருசா ஒண்ணு வாங்குங்கன்னு நானே நச்சரிச்சேன். சத்தம் மண்டையைப் பொளக்குது. ஆனா நான் மூச்சு விடல."

பேக்கரிக்காரர் யோசித்து யோசித்துக் கேட்டார். "அவர் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கும் இல்லம்மா?"

"தெருக்கோடிக்கே கேக்கும். திரும்பினா 'என் கண்ணாடி எங்க'ம்பாரு. அது அவர் தலையிலயே இருக்கும். யாரு திரும்பறது?"

மறுநாள் பகல், கண் சொக்கும் நேரத்தில் மேலே பாட்டு ஆரம்பித்தது. டம்ளர் நடக்கத் தொடங்கியது.

பேக்கரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். 'உங்க ரெண்டு பேருக்குமே காது நல்லா இருக்கு.' போய் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். சத்தம் அடங்கிவிடும். ரொட்டியும் கருகாது, வேலையும் தங்கும்.

மேலே கதவு திறந்தே கிடந்தது.

சோபாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ரிமோட். சர்வேயர் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். இரண்டு பேருக்கும் நெற்றி சுருங்கியது. இரண்டு பேரும் சிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரி பேக்கரிக்காரரின் நாக்கு நுனியில் நின்றது. அதை இழுத்தால் கூடவே இன்னும் இரண்டு வரி வந்து விழும். இத்தனை வருஷமாக ஒருத்தர் ஏன் திரும்பவில்லை, இன்னொருத்தர் ஏன் 'என்னது' என்றார்.

சர்வேயர் அவரைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

"என்ன தம்பி, சத்தம் அதிகமா இருக்கா?"

பேக்கரிக்காரர் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். சமையலறையில் அடுப்பை ஒட்டி ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று மனசுக்குள் அளந்து பார்த்தார்.

பிறகு காதோரம் கையைக் குவித்தார்.

"என்னது?"