சரிபார்க்கும் கையெழுத்து

கதவைத் திறந்தது டேல்.

ரொவீனா சமையலறையிலிருந்து வருவதற்குள் அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டாள்.

"உங்க மனைவியோட தபால் ஓட்டைத் தனியா எடுத்து வச்சிருக்காங்க. உறை மேல இருக்கிற கையெழுத்து ஒத்துப்போகலையாம்."

ரொவீனா ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாளின் பெயர் பெவர்லி. எழுபது வயதிருக்கும். நனைந்த மழைக்கோட்டில் வேட்பாளர் அகோஸ்டாவின் பெயர் போட்ட பேட்ஜ்.

தேர்தல் முடிந்து ஆறு நாள் ஆகியும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது தலைமை அரசு வழக்கறிஞர், யாரென்று தெரியவில்லை. ஹால்வர்சன் நானூறு ஓட்டு முன்னால் இருந்தார். எதிர்த்து நின்ற அகோஸ்டாவின் ஆட்கள், தனியே எடுத்துவைத்த ஓட்டுகளில் தங்களுக்குப் போட்டிருப்பார்கள் என்று தோன்றிய பெயர்களைத் தேடி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டா போதும், கண்ணு. எண்ணிக்கையில சேர்ந்துடும். நம்மள மாதிரி பொம்பளைங்க ஓட்டுதான் இதைத் தீர்க்கப்போகுது."

டேல் பேட்ஜைப் பார்த்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாக்குச்சீட்டுகளையும் நிரப்பியவன் அவன்தான். இரண்டிலும் ஹால்வர்சன். ரொவீனா செய்தது உறைமேல் கையெழுத்துப் போட்டது மட்டும்.

முதல் எழுத்தின் வாலை அவள் எப்போதும் மேலே சுழிப்பாள். அன்று கீழே இழுத்துவிட்டாள். அவன் தன் உறையை நக்கி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"போடுடி. பாவம், மழையில வந்திருக்காங்க. அவங்க ஆளுக்கு ஒரு ஓட்டு போகட்டுமே."

பெவர்லி அவனுக்கு நன்றி சொன்னாள். "டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கிற மாதிரியே போட்டுடுங்க. அதை வச்சுத்தான் பார்ப்பாங்க."

டேல் ரொவீனாவின் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துவந்தான். படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

ரொவீனா பேனாவை வாங்கினாள்.

ஹால்வர்சன் இந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால், உடைந்த மணிக்கட்டோடு அவள் டேல் மேல் கொடுத்த புகாரைச் சாட்சி போதாது என்று மூடிவைத்தவர்.

டேலின் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

அவள் வாலை மேலே சுழித்தாள்.

"அச்சு அசல்!" என்றாள் பெவர்லி. படிவத்தை மழைக்கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, ரொவீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் டேல் வெடித்துச் சிரித்தான். "அகோஸ்டாவோட ஆளே மழையில வந்து ஹால்வர்சனுக்கு ஓட்டு வாங்கிட்டுப் போறாளே!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

ரொவீனாவும் சிரித்தாள். அவன் நிறுத்துவதற்கு முன்னால் நிறுத்திவிடக் கூடாது என்று சிரித்தாள்.

அவன் நிறுத்தினான்.

கையிலிருந்த லைசென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சிறிய கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

"சுழி உனக்கு நல்லாத்தானே வருது."

லைசென்ஸைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

பிறகு கார் சாவிக்காகக் கையை நீட்டினான்.