காகிதக் குதிரைக்குச் சூடு

“நிறுத்துங்கடா மேளத்தை! குதிரை நொண்டுது!”

நாட்டாமை சுயம்புலிங்கம் போட்ட சத்தத்தில் சுருளிப்பட்டி மாரியம்மன் ஊர்வலம் அப்படியே நின்றது.

பொய்க்கால் குதிரைக்குள் நின்ற சுருளியாண்டி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். மூங்கிலும் காகிதமும் ஒட்டி அவனே கட்டிய குதிரை. இடுப்பில் குதிரை, தலையில் ராஜா கிரீடம், மறைப்புத் துணிக்குள்ளே இரண்டு காலிலும் மரக்கட்டை. கம்பத்திலிருந்து கோம்பை வரைக்கும் இந்தக் குதிரை ஆடாத திருவிழா கிடையாது.

போன வருசம் முல்லையாற்று இறக்கத்தில் மாட்டு வண்டி குடை சாய்ந்து இடது கால் ஒடிந்தது. கட்டுப் போட்டுக் கூடிவிட்டது. கூடினபோது குட்டையாகவும் போய்விட்டது. அது ஊருக்கே தெரியும். சுருளியாண்டிக்கு மட்டும்தான் தெரியாது! “லேசா சுளுக்கு” என்பான். தெருவில் பிள்ளைகள் நொண்டி விளையாடினால்கூட, “யாரைடா குத்திக் காட்டுறீங்க?” என்று விரட்டுவான். பெண்டாட்டி மொக்கம்மா வீட்டில் கால் என்ற பேச்சையே எடுப்பதில்லை. பாவம், கட்டில் காலைக்கூடச் சொல்ல மாட்டாள்.

இன்றைக்குத்தான் மறுபடி ஆட வந்திருக்கிறான். இன்றைக்கு நிறுத்திவிட்டால் இனி எந்த ஊரும் கூப்பிடாது. ஆட்டம் போனால் அவனுக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

“குதிரைக்கு ஒண்ணுமில்லீங்க. தரைதான் மேடும் பள்ளமுமா கெடக்கு” என்றான்.

“அதே தரையிலதான ராணி குதிரையும் வருது?”

ராணி வேசத்தில் இருந்த சின்னச்சாமி சேலைத் தலைப்பால் மீசையை மறைத்துக்கொண்டு, “என் குதிரைக்கு ஒரு கொறையும் இல்லீங்க” என்றான். படுபாவி!

“ராசா நொண்டினா பரவாயில்ல. நொண்டிக் குதிரை ஆத்தா முன்னால போனா ஊருக்கு ஆகாது. கூப்பிடுங்கப்பா அம்மாவாசியை!”

அம்மாவாசி மாட்டு வைத்தியர். வந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காகிதக் குதிரையின் வாயைத் திறந்து பல் பார்க்க முயன்றார். திறக்கவில்லை.

“பிடிவாதக் குதிரை” என்றார். அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். “என்னப்பா தீனி போடுற?”

“தீனியா? பசையும் பழைய காகிதமும்தாங்க!”

“அதான பார்த்தேன். பலமே இல்ல.”

கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சுருளியாண்டிக்கு அதுதான் பயமாக இருந்தது. ஊருக்கே புத்தி கெட்டுப்போச்சா?

“மலைத்தோட்டத்துத் துரைமாருக, குதிரை நொண்டினா துப்பாக்கியால சுட்டுப்புடுவாகளாம்” என்றது ஒரு குரல்.

“சேச்சே! நாம என்ன வெள்ளைக்காரனா? ஒரு சூடு இழுத்தா சரியாப் போகும்” என்றார் வைத்தியர்.

மாடு காலை இழுத்து நடந்தால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதுதான் அந்தப் பக்கத்து வைத்தியம்.

“ஐயா, இது காகிதங்க! எரிஞ்சு போகும்!”

“எல்லாருக்கும் அவுகவுக குதிரை மேல பாசம் இருக்கத்தான் செய்யும்” என்று ஆறுதல் சொன்னார் நாட்டாமை.

பொங்கல் அடுப்பில் கம்பி செருகினார்கள். சிவந்தது. அம்மாவாசி அதைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

“நல்லாப் புடிங்கப்பா, உதைக்கப் போகுது!”

நாலு பேர் காகிதக் காதைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னச்சாமி, தன் குதிரை மிரண்டுவிடக் கூடாதென்று அதன் கண்ணைப் பொத்தினான்.

கம்பியின் அனல் சுருளியாண்டி முகத்தில் அடித்தது. குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினான்.

“விடுங்கய்யா! குதிரை நொண்டலய்யா! நான்தான்யா நொண்டி!”

சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டுப் போனான்.

இனி என்ன மறைக்கிறது? மறைப்புத் துணியைத் தூக்கிக் காட்டினான்.

“பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க! எடது காலு குட்டை. ஆமா, நொண்டிதான். நொண்டிக்கிட்டேதான் ஆடுவேன். பிடிச்சவுக இருந்து பாருங்க. பிடிக்காதவுக வீட்டைப் பார்க்கப் போங்க!”

அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. ஒரு வருசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினதில் அங்கனயே ஆட ஆரம்பித்துவிட்டான். நொண்டினான், துள்ளினான், மறுபடி நொண்டினான். மேளக்காரர் அந்த நொண்டலுக்கே ஒரு தாளம் கண்டுபிடித்து அடித்தார். முளைப்பாரி தூக்கிக்கொண்டு நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

அம்மாவாசி கம்பியைத் தண்ணீர்த் தொட்டியில் சொய்யென்று முக்கி எடுத்தார். “குதிரைக்குக் கொணமாயிருச்சு” என்றார்.

அப்போதுதான் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் கூட்டத்திலிருந்து குபீரென்று வெடித்தது. நாட்டாமையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். புது மரக்கட்டை. சுருளியாண்டி காலில் கட்டியிருந்ததைவிட மூன்று விரற்கடை உயரம்.

“எடது காலுல கட்டிக்க. நீ தூங்குறப்ப மொக்கம்மாதான் அளவெடுத்து ஆசாரிகிட்டக் குடுத்துச்சு. செஞ்சு ஆறு மாசமாச்சு. நொண்டியே இல்லைங்கிறவன் கையில இதை எப்படிப்பா குடுக்கிறது?”