பச்சை நிறப் பெட்டி

"சார், உங்க சாஃப்ட்வேர் எங்கப்பாவை மறுபடியும் உயிரோட எழுப்பிடுச்சு."

போனின் மறுமுனையில் சாஃப்ட்வேர் விற்பவர் சிரித்தார். "நல்ல விஷயம்தானேம்மா?"

"விளையாடாதீங்க சார். அப்பா போய் எத்தனையோ வருஷமாச்சு. நேத்து நானே இறந்த தேதியைப் போட்டேன். அவர் பேர் இருக்கிற பெட்டி சாம்பல் நிறமா மாறிச்சு. இன்னைக்குப் பார்த்தா பச்சை! 'உயிருடன் இருக்கிறார்'னு போட்டு, இன்னைக்கு அவருக்கு என்ன வயசுன்னு கணக்கு வேற போட்டு வெச்சிருக்கு."

அவர் சிரிப்பு நின்றுபோயிற்று.

வீட்டில் எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா காலத்துப் போட்டோ, சான்றிதழ், பத்திரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி, வம்சம் முழுவதையும் ஒரே படமாக அச்சடித்துக் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அடுத்த மாதம் வருகிறார்கள்.

ஆனால் அதற்கான சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவர் பெரியப்பா. இரும்புக் கடைக்காரர். ஓர் ஆணி வாங்கினாலும் நூறு ஆணியைத் தட்டிப் பார்க்கிற ஆள். இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்ன சாஃப்ட்வேரையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் கோடு கோணல் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது மூன்றாவது.

"அந்த ரெண்டுலயும் இதே கூத்துதான் சார். தாத்தா எழுந்து வரல. பெரியம்மா எழுந்து வரல. எங்கப்பா மட்டும் எழுந்து வர்றார்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "இன்னைக்கு என்ன நிறம்டி?"

"சாம்பல்மா."

"பொய் சொல்லாதே. நானும் பார்த்தேன்."

சிட்டு திரும்பினாள். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது.

"ஏம்மா கதவைத் திறந்து போட்டிருக்கே?"

"சும்மாதான்." அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவாரோன்னு..."

அப்பாவை இந்த வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனதை அம்மா பார்த்திருக்கிறாள். பார்த்த அம்மாவா இப்படிப் பேசுகிறாள்?

போனில் அவர் சொன்னார். "இப்ப தேதியை மறுபடி போடுங்க. போட்டுட்டு எதையும் தொடாதீங்க. கையை எடுத்துடுங்க."

போட்டாள். பெட்டி சாம்பலாயிற்று. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில், வருடத்தின் கடைசி எண் மறைந்தது.

அடுத்த எண். அதற்கடுத்தது. யாரோ நிதானமாக, ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற மாதிரி. பிறகு மாதம். பிறகு நாள்.

பெட்டி பச்சையாயிற்று.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டாருடி."

"சார்!" என்று அலறினாள் சிட்டு.

"பதறாதீங்கம்மா. நானும் இங்க பார்த்துட்டுத்தான் இருக்கேன். வேற ஏதோ கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து யாரோ அழிக்கிறாங்க. உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்.

போனைக் கையில் பிடித்தபடியே தெருமுனைக் கடைக்கு ஓடினாள். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, மூக்குக் கண்ணாடி சரிய, ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார் பெரியப்பா.

"நீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. அடுத்த நொடியே கோபம் வந்துவிட்டது. "எதுக்குடி இப்படிக் கத்தறே? கடையில ஆள் இருக்காங்க!"

"கத்தாம? கோளாறுன்னு சொல்லித் திருப்பி அனுப்பத்தானே இவ்வளவும்? காசு குடுக்க மனசில்லேன்னா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அங்க அம்மா வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு அப்பாவுக்காகக் காத்துட்டிருக்காங்க!"

பெரியப்பாவின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"கதவைத் திறந்து வெச்சிருக்காளா?"

"ஆமா!"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"இப்படி உட்காரு. தேதியைப் போடு."

"எத்தனை தடவை போடறது?"

"போடுன்னா போடு! போட்டுட்டு உங்கப்பனைப் பார்க்காதே. பக்கத்துப் பெட்டியைப் பாரு."

போட்டாள். அப்பாவின் பெட்டி சாம்பலாயிற்று. அந்த நொடியே, பக்கத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே, இதுவரை அவள் கண்ணில் படாத ஒரு சின்ன வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது.

'விதவை.'

"மூணு சாஃப்ட்வேர்லயும் இது வந்துச்சு," என்றார் பெரியப்பா. "உங்க பெரியம்மா தேதியைப் போட்டப்ப என் பேருக்குக் கீழே ஒரு புள்ளி கூட வரலைடி. இதைப் பெருசா அச்சடிச்சுக் கூடத்துல மாட்டினா, வர்றவன் போறவனெல்லாம் படிப்பான். உங்கம்மாவும் தினம் அதுக்கு அடியிலதான் நடக்கணும்."

சிட்டுவின் கையிலிருந்த போன் பேசியது. "ஐயா, அது சாஃப்ட்வேர் தானாப் போடறது. அதை எடுக்கிறது கொஞ்சம்..."

பெரியப்பா போனைப் பிடுங்கினார்.

"யோவ், என் தம்பி செத்துட்டான். வீட்டுக்குப் போய் அவ கிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீ கேக்கற விலையை அப்படியே தரேன், பேரமே பேசல, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக் குடுய்யா!"