வெயில் படணும்

இருவாட்சிப் பறவைகள் அற்றுப்போனபின், அவை செய்த வேலைக்கு ஆட்களை எடுத்தார்கள். காட்டு மரத்தின் விதைகளை விழுங்கிக்கொண்டு மலையெல்லாம் நடந்து, போகிற இடத்தில் கழிக்க வேண்டும். மழைக்கு முன்னால் அப்படிப் போன மாரப்பன் வீடு திரும்பவில்லை.

மழை ஓய்ந்தபின் உடல் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவன் மனைவி வெள்ளச்சி தன் தம்பியோடு, உடலைச் சுருட்டி எடுக்க ஒரு பாயும் கொண்டு மலையேறினாள்.

சரிவில் மாரப்பன் மல்லாந்து கிடந்தான். வயிறு இருந்த இடத்தில் மரக்கன்றுகள் அடர்ந்து நின்றன.

“தொடாதீங்கம்மா,” என்றார் அங்கே காவல் நின்ற வனத்துறை ரேஞ்சர். “இந்த மலையிலேயே இந்த மரம் முளைச்சிருக்கிறது இங்க மட்டும்தான். பிடுங்கினா ஜெயில்.”

“எடுத்துட்டுப் போகல சார். மேல மண்ணாவது தள்ளிக்கிறேன்.”

“மூடினா கன்னு அழுகிடும்.”

“முகத்தையாவது மூடிக்கிறேன். நரி, காக்கா வரும்.”

வெள்ளச்சி தம்பியின் துண்டை வாங்கிக் கணவன் முகத்தில் விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள்.

ரேஞ்சர் குனிந்து துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மாரப்பனின் பற்களுக்கிடையே வெளிறிய முளை ஒன்று தலைநீட்டியிருந்தது.

“இங்கயும் ஒண்ணு வந்திருக்கும்மா,” என்றார். “வெயில் படணும்.”

துண்டை எடுத்து, மடித்து, அவள் கையில் கொடுத்தார்.