அத்தை கொண்டுவந்த பை

கல்யாணமாகாமல் தாயான கோகிலா நர்சிங் படிக்கக் கிளம்பியபோது, அவளுடைய அப்பா தீர்த்தகிரி கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார். ஊருக்கு அது அவர் மகனின் பிள்ளை; கோகிலா அதற்கு அத்தை.

"படிப்பு முடியிற வரைக்குந்தானேப்பா?" என்றாள். குடும்ப மானத்துக்கு ஏது காலக்கெடு என்று நினைத்தபடி, அவர் குழந்தையோடு உள்ளே போனார்.

நான்கு வருஷம் கழித்து, பட்டமும் வேலையும் வாங்கிக்கொண்டு மகளை அழைத்துப்போக வந்து நின்றாள். கையில் புதுப் பள்ளிக்கூடப் பை.

"அம்மாகூட வர்றியா கண்ணு?"

மீனு சிரித்தாள். "எங்கம்மா உள்ள சோறாக்குறாங்க, அத்தை."

பையின் மேல் ஆசைதான். ஆனாலும் கை நீட்டவில்லை. "வாங்கிக்கட்டுமா தாத்தா?"

கோகிலாவும் அவரைத்தான் பார்த்தாள். தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளை ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. பதில் சொல்ல அவருக்கு ஒன்றும் அவசரமில்லை.