வியாழக்கிழமைக்கு நேரே பூஜ்யம்

“வியாழக்கிழமைக்கு நேர நாலு பேருக்கும் பூஜ்யம் போட்டிருக்கே. பிள்ள, இது என்ன உனக்க அப்பனுக்க கம்பெனியா?”

ராஜதாஸ் போட்ட சத்தத்தில், கீழே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பின்னால், மாடியில் நாலு கம்ப்யூட்டரை வைத்து நடக்கும் கம்பெனிக்கு ராஜதாஸ்தான் முதலாளி.

பெங்களூருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், வரும்போது வேலையைத் திட்டமிடும் சாஃப்ட்வேர் ஒன்றையும் கொண்டுவந்துவிட்டார். யாருக்கு எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று முதலில் அதில் கட்டம் போட வேண்டும். உழைத்த நேரத்தைத் தினமும் சாயங்காலம் ஏற்ற வேண்டும். டீ குடித்த நேரத்தையும் ஏற்றணுமா என்று அங்கே வேலை பார்க்கும் பிபின் கிண்டலாகக் கேட்டதற்கு, ஆமாம் என்றே சொன்னார்.

கட்டம் போடும் பொறுப்பு ஜினிக்கு. பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மாதம்தான் முடிவாக வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரும் ரோஸ் நிறத் துண்டுத்தாள்களில் எல்லோருடைய நேரத்தையும் குறித்துக்கொண்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பில் போடும் சாஃப்ட்வேரை வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வேலை கைவிட்டுப் போய்விடும். ஜினியோ புதன் சாயங்காலமே ஒப்படைப்பு என்று போட்டு, நாளைய ஞாயிற்றுக்கிழமையையும் வேலைநாளாக்கி வைத்திருந்தாள்.

“ஒரு நாள் கையில கெடக்க, எதுக்கு இந்த ஓட்டம்? காரணம் சொல்லு.”

“இப்பம் சொல்ல முடியாது சார். புதன்கிழம தீந்திரும்.”

“செரி. தீரல்லேன்னா வியாழக்கிழம மட்டுமில்ல, பொறவு ஒரு நாளும் நீ வரண்டாம்.”

ஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கட்டத்தை மாற்றவில்லை. மறுநாள் ஆராதனைக்குக்கூடப் போகாமல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பிபின் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

புதன் சாயங்காலம் வேலை முடிந்தது. சாஃப்ட்வேரை ஏற்றிய பிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு பிபின் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறினான்.

அரை மணி நேரம் கழித்து ராஜதாஸ் டீ குடிக்கக் கீழே இறங்கினார். மைக் கட்டிய ஜீப் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாளை பந்த்! பஸ் ஓடாது, கடை திறக்காது. டீக்கடைச் சுவரில் ரோஸ் நிற நோட்டீஸ், பசை காயாமல் ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பந்த்தைச் சாக்குச் சொல்லாமல் முன்கூட்டியே கொண்டுவந்து தந்தது நீங்கள்தான், அடுத்த ஆறு மாத வேலையும் உங்களுக்கே என்றார்கள். ராஜதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தொட்டு வைத்தார்; ஜினியின் நிரந்தர உத்தரவைத் தன் கையாலேயே டைப் அடித்துக் கொடுத்தார்.

“எலே பிபினே, பாத்தியா! நாம ஏத்துன கணக்கையெல்லாம் வச்சு, பந்த் வரப்போறத இந்த சாஃப்ட்வேர் முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கு. நீங்க டீ குடிச்ச கணக்கும் வீணாப் போவல்ல, கேட்டியா! ஜினி, இனி ஆறு மாசத்துல என்னைக்கெல்லாம் பந்த் வரும்ன்னு அதுக்கிட்ட கேட்டுச் சொல்லு.”

ஜினி உத்தரவை இரண்டாக மடித்து, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“செவருல ஒட்டியாச்சுல்லா, இனி சொல்லலாம் சார். பந்த் நோட்டீஸ் அடிச்சது எனக்க அப்பனுக்க பிரஸ்லயாக்கும்.”