ஆள் இருக்கணும்

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஷூ சத்தம் கேட்டது.

ஃபேன் நின்றது. டிவி ஊமையானது. வாசலில் கிடந்த என் செருப்பு உள்ளே வந்தது. தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது.

மொத்தம் ஆறு விநாடி. முன்பெல்லாம் நாலில் முடித்துவிடுவோம். டச் விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு வேலைப் பிரிவினை உண்டு. மனைவிக்கு ஃபேனும் டிவியும். மகளுக்குச் செருப்பும் வசனமும். எனக்குக் குளியலறை. வாளியைத் தட்டாமல் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமானாலும் நிற்பேன். போட்டி வைத்தால் கப் எனக்குத்தான்.

சிக்கல் என்னவென்றால், இன்றைக்கு ஏறி வருகிறவர் வசூல்காரர் இல்லை.

வங்கியின் சரிபார்ப்பு ஆள். வீட்டுக் கடன் கேட்டவன் சொன்ன முகவரியில் நிஜமாகவே இருக்கிறானா என்று கண்ணால் பார்த்து ஒரு டிக் அடிக்க வருகிறவர். காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

“சார், மூணு மணிக்கு வரேன். ஆள் இருக்கணும். இல்லேன்னா ஃபைல் ரிட்டர்ன் ஆயிடும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

ஆள் இருக்கிறேன். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பத்து மணியிலிருந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு டிக் விழுந்தால் இரண்டு அறை உள்ள சொந்த வீடு. விண்ணப்பத்தில் ‘குடும்பத்தில் எத்தனை பேர்’ என்ற கட்டத்தில் மூன்று என்று அழுத்தி எழுதியிருக்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். சொந்தமாகக் கம்பெனி தொடங்குகிறேன் என்று மூன்று கார்டுகளைத் தேய்த்து, போதாததற்கு ஒரு தனிநபர் கடனும் வாங்கினேன். பதினாறு மாடி லிஃப்டைத் தூக்கத் தெரிந்த எனக்குக் கம்பெனியைத் தூக்கத் தெரியவில்லை.

வசூல்காரர்கள் வந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து கதவுக்கு வெளியே அவர்கள் மூச்சு வாங்கும் சத்தம்தான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

பிறகு கட்டினேன். இரண்டு ஷிஃப்ட் பார்த்து, கடைசிப் பைசா வரை கட்டினேன். ஆனாலும் வங்கிக்காரர்கள் பார்க்கும் கடன் ஸ்கோர் அசையவில்லை. புதிதாகக் கொஞ்சம் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டு, அப்போதுதான் நம்புவோம் என்றார்கள். குடியை விட்டவனிடம், தினம் ஒரு மிடறு குடித்துக் காட்டு என்பது மாதிரி.

சின்ன லிமிட்டில் ஒரு கார்டு வாங்கினேன். அதில் மாதம் ஒரு குளியல் சோப்பு. தேதிக்கு ஐந்து நாள் முன்னாலேயே பணத்தைக் கட்டிவிடுவேன். சோப்பு சோப்பாக ஸ்கோர் ஏறியது. 498 இன்றைக்கு 761. வாங்கியது இருபத்து நாலு சோப்பு. அலமாரியில் பதினைந்து அப்படியே இருக்கிறது.

பெல் அடித்தது.

கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தக் கீச்சுக் குரல், ஒரு பிசிறில்லாமல் சொன்னது:

“அப்பா வீட்ல இல்ல.”

மற்ற வீட்டுப் பிள்ளைகள் ‘இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னாரு’ என்று உளறிவைக்கும். அந்த ஜோக் எங்கள் வீட்டில் நடக்கவே இல்லை. ஆறு வயதில், முதல் தடவையே, என் மகள் கண்ணிமைக்காமல் சொன்னாள். அந்தத் திறமையைப் பாராட்டி ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கார்டில்தான்.

அன்றைக்கு முழுக்க மனைவி என்னோடு பேசவில்லை.

வெளியே ஃபைல் புரளும் சத்தம். என் சட்டைப் பையில் போன் துடித்தது. சத்தம் வராது, அதெல்லாம் எப்போதோ அணைத்து வைத்ததுதான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டு அக்காவின் கதவு மட்டும் பெல் இல்லாமலேயே திறக்கும்.

“ஏங்க, இந்த வீட்டுக்காரர் எங்க போயிட்டாரு? மூணு மணிக்கு வரேன்னு காலையிலேயே சொல்லியும், பாப்பாவை விட்டு இல்லைன்னு சொல்ல வைக்கிறாரு!”

“பாப்பாவா? அங்க ஏதுங்க பாப்பா? சம்சாரம் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு வருஷமாச்சு. சொந்த வீடு வாங்கினா வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு, பாவம். தனி ஆளுங்க அவரு.”

பிறகு பேனா மூடியைத் திறக்கும் சத்தம். டிக் அடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் ஏதோ எழுதினார்.

நான் குளியலறையில் இல்லை. வாசல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாழ்ப்பாள் என் மூக்குக்கு நேராக இருந்தது. எட்டித் திறந்தால் போதும். கையைப் பார்த்தேன். கையில் என் செருப்பு.

ஷூ சத்தம் படியிறங்கத் தொடங்கியது.

‘இருக்கேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

தொண்டையில் இன்னும் அந்தக் கீச்சுக் குரல்தான் இருந்தது.